பொள்ளாச்சிக்குப் புறப்பட்ட பவர் மட்டை

எங்கள் மருதம் ஹைட்ஸ் அடுக்ககம் நகர ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், நாச்சிமுத்து ஐயா தன் புது பவர் மட்டையால் முதல் பந்தை அடித்தபோது. அதற்கு முன்பு அது ஊரிலுள்ள மற்ற அடுக்ககங்களைப் போலவே, கோயமுத்தூர் சுந்தராபுரத்தில், ஒரு டீக்கடைக்கு நேர் எதிரே, மாதம் ஒருமுறை லிஃப்ட் மக்கர் பண்ணிக்கொண்டு, சிறுவாணித் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, கார் நிறுத்துகிற இடத்துக்காகச் சங்கக் கூட்டத்தில் சண்டை போட்டுக்கொண்டு, கட்டிய இடத்திலேயே மரியாதையாக நின்றுகொண்டிருந்தது.

பிக்கிள்பால் எங்களிடம் வந்து சேர்ந்த கதை பெரிதில்லை. அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போய்த் திரும்பிய மூன்றாம் மாடிக்காரர் ஒருவர், சூட்கேஸில் நாலு மட்டையும் துளை போட்ட பிளாஸ்டிக் பந்துகளும் கொண்டுவந்தார். பாழாய்க் கிடந்த ஷட்டில் மைதானத்தில் புதுக் கோடு போட்டோம். வலையை இடுப்பளவுக்கு இறக்கினோம். ஊறுகாய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்களை எல்லாம் அடுத்த வாரமே மட்டையும் கையுமாகப் பார்த்தோம். விளையாட்டில் இரண்டு விதம் உண்டு. பின்னால் நின்று ஓங்கி அடிப்பது ஒன்று. வலைக்கு அருகே வந்து, பந்தை அலுங்காமல் தட்டி, எதிராளியின் காலடியில் இறக்கி, அவரைக் கூன் விழவைப்பது இன்னொன்று. முதல் விதத்துக்குப் பவர் மட்டை. அது மெல்லிசு, முகம் நீளம், உள்ளே விறைப்பு, பட்ட பந்து பறக்கும். இரண்டாவதற்குக் கன்ட்ரோல் மட்டை. அது தடிமன், முகம் அகலம், பட்ட பந்தை ஒரு கணம் வாங்கி வைத்துக்கொண்டு, எங்கே போக வேண்டும் என்று விசாரித்து அனுப்பும்.

நாச்சிமுத்து ஐயா எந்த விதம் என்று யாரும் கேட்கத் தேவையில்லை. மோட்டார் பம்ப் பட்டறை நடத்தி, அதைத் தம்பி மகனிடம் ஒப்படைத்துவிட்டு, எங்கள் சங்கத்துக்குத் தலைவராக வந்து உட்கார்ந்தவர். திறக்காத பாட்டிலை மேஜையில் தட்டுவார், ஓடாத மின்விசிறியைக் கம்பால் தட்டுவார், பேசாத டிவியை உள்ளங்கையால் தட்டுவார், அவையும் பயந்துபோய் வேலை செய்யும். அவர் மைதானத்தின் வடக்குக் கோடியில்தான் நிற்பார், ஏனென்றால் அங்கேதான் புங்கமர நிழல். ஆட்டத்தில் பாதியில் பக்கம் மாற வேண்டும் என்கிற விதியை அவரிடம் எடுத்துச் சொல்ல எங்களில் யாருக்கும் தைரியம் இல்லை. ஆகவே அவர் அடித்த பந்தெல்லாம் தெற்குப் பார்த்தே போனது.

தெற்கே, பொள்ளாச்சிக்குச் சற்று முன்னால், தென்னந்தோப்புக்குள் அவருடைய ஒரே மகள் மேகலாவின் வீடு இருந்தது. அந்த வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் நடப்பதற்கு முந்தின நாள், ஐயா ஒரு கொத்தனாரைக் கூட்டிப்போய், தோப்பைப் பார்க்க மகள் ஆசை ஆசையாக வைத்திருந்த பெரிய ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, பூசி, வெள்ளையும் அடித்துவிட்டார்; அந்தப் பக்கம் காற்று அதிகம், திருடனுக்கும் வசதி என்பது அவர் கட்சி. மறுநாள் விடிகாலையில், ஐயர் ஹோமம் வளர்க்கும்போது, மகள் சுவரைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். “என்ர ஊட்ல கை வெக்கறதுக்கு நீங்க யாருங்கப்பா” என்று கேட்டாள். கேட்ட இடம் சொந்தபந்தம் அத்தனை பேரும் கூடியிருந்த இடம். “இனி உன்ர வாசப்படிய மிதிச்சா என்னை என்னன்னு கேளு” என்று அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். “நானும் உங்க வாசப்படிய மிதிக்க மாட்டேனுங்” என்று அவளும் சொன்னாள். எங்கள் பக்கத்தில் மனுசனைப் பிடிக்காவிட்டால்கூடப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வருவோம். வாசப்படியை இழுத்துச் சொல்லிவிட்டால் மட்டும் அதற்கு மேல் பேச்சில்லை. அவர் சாப்பிடாமல் வந்துவிட்டார். அதற்கப்புறம் மேகலாவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, குப்புற விழுந்து, தவழ்ந்து, நடக்கவும் தொடங்கிவிட்டது. அம்மாவைப் பெற்ற அப்புச்சியின் முகம் அதற்குத் தெரியாது.

ஐயாவின் மனைவி சுலோச்சனாம்மா எந்தச் சபதமும் எடுக்காதவர். ஈரோட்டில் இருக்கிற அக்காவைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பொள்ளாச்சி பஸ் ஏறுவார். பேத்தியின் போட்டோக்களைப் போனில் அடைத்துக்கொண்டு வந்து, அந்தப் போனை வேண்டுமென்றே ஹாலில் சார்ஜ் போட்டுவிட்டுக் குளிக்கப் போவார். திரும்பி வரும்போது ஐயா போனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படிப்பார், ஆனால் போன் சூடாக இருக்கும். இப்படி ஒளிந்து ஒளிந்து பேத்தியைப் பார்ப்பதில் அந்த அம்மாளுக்கு ரொம்ப நாளாகவே மனசு நொந்துகிடந்தது. அப்பனும் மகளும் ஒரு வாசலில் நிற்பதைத் தான் கண்மூடுவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே ஆசை.

மட்டை வாங்கக் காந்திபுரம் கடைக்கு இருவரும் சேர்ந்துதான் போனார்கள். கடைப்பெண் இரண்டு மட்டையையும் மேஜையில் வைத்து, “உங்க ஆட்டம் எப்படீங்க சார், அடிச்சு ஆடுவீங்களா, தட்டி ஆடுவீங்களா” என்று கேட்டாளாம்.

“அடிக்கறதுதானுங்க ஆட்டம். தட்டறதுக்கு எதுக்கு மட்டை? வெறுங்கையே போதும்.”

“தோள்பட்டைக்குக் கன்ட்ரோல் நல்லதுங்க சார். பந்து எங்க போகோணும்னு நினைக்கறீங்களோ அங்கயே போகுமுங்க.”

“அப்ப அதை எனக்குக் குடு கண்ணு” என்று சுலோச்சனாம்மா கையை நீட்டினார். “கல்யாணமாகி வந்த நாளா நான் நினைச்ச எடத்துக்கு ஒண்ணும் போனதில்ல. இந்தப் பந்தாவது போகட்டும்.”

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஐயா வடக்கே, அம்மா தெற்கே. அவர் ஓங்கி அடித்தார். தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் தளும்பியது. பால்கனிக் கொடிகளில் துணிகள் ஒருதரம் எழுந்து உட்கார்ந்தன. அம்மா அந்தப் பந்தை எப்படியோ தடுத்து, அலுங்காமல் திருப்பி அனுப்பினார். அவர் மறுபடி அடித்தார். ஆட்டம் முடிந்து காவலாளி கேட்டைத் திறந்தபோது எதிரே டீக்கடைக்குப் பதிலாக வெல்டிங் பட்டறை இருந்தது. அவர் கேட்டை மூடிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மறுபடி திறந்தார். அதே வெல்டிங் பட்டறைதான். அதற்குள் டீக்கடைக்காரர் சாலையோரமாகவே நடந்து வந்து, “நீங்க இங்க வந்துட்டா உங்க கடைசி வீட்டு டீயை நான் எப்படிங் கொண்டாறது, ஆறிப்போகாதுங்களா” என்று கேட்டார். அதைத்தான் நாங்கள் முதலில் யோசித்தோம், டீ ஆறிப்போகுமா போகாதா என்று. கட்டடம், மைதானம், புங்கமரம், ஜெனரேட்டர், காவலாளி கூண்டு, மதில் எல்லாம் சேர்த்து ஒவ்வோர் அடிக்கும் ஒரு பஸ் நீளம் தெற்கே போயிருக்கிறது என்பது மத்தியானத்துக்கு மேல்தான் பேச்சுக்கு வந்தது.

யார் அடித்தாலும் போகிறதா என்று பார்க்க, முதல் மாடி வக்கீல் ரோஸ்லின் மேடம் அதே மட்டையை வாங்கி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடித்தார். பந்து போனது, அடுக்ககம் போகவில்லை. நானும் அடித்தேன், முழங்கை வலித்ததுதான் மிச்சம். பவர் மட்டை பொதுவானதுதான், கைவாகு மட்டும் ஐயாவுடையது என்று ஆகிவிட்டது. ஐயாவோ, “நான் நின்ன எடத்துல நின்னுட்டுத்தானுங் அடிக்கறேன். எடம் போனா நான் என்னுங் பண்றது” என்று சொல்லிவிட்டு, மறுநாள் இன்னும் கொஞ்சம் சீக்கிரமாகவே மட்டையோடு இறங்கி வந்தார்.

நாங்கள் பழகிக்கொண்டோம். மனுசன் எதற்குத்தான் பழகமாட்டான், வீட்டுக்கடனுக்கே பழகிவிட்டோம். வழியில் இருந்த கட்டடங்களும் மரங்களும், பஸ்ஸில் ஜன்னலோரக்காரர் இறங்கும்போது அடுத்த சீட்டுக்காரர் காலை மடக்கிக்கொள்வாரே, அந்த மாதிரி ஒதுங்கி வழிவிட்டு, நாங்கள் போனதும் பழையபடி உட்கார்ந்துகொண்டன. கரண்ட் மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது. எங்கிருந்து வருகிறது என்று நாங்கள் கேட்கவில்லை, கேட்டு அது நின்றுபோனால் யார் பதில் சொல்வது. பள்ளி வேன் டிரைவர், தினமும் காலையில் போன் பண்ணி, “இன்னிக்கு எங்கீங் இருக்கீங்க” என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். சாப்பாடு கொண்டுவரும் பையன்கள், மேப்பில் அடுக்ககமும் நகர்வதால், துரத்திப் பிடித்துப் பொட்டலத்தை நீட்டினார்கள். ஈச்சனாரிப் பிள்ளையார் கோயில் வந்தபோது அடுக்ககம் தானாகவே இடதுபக்கம் ஒதுங்கி, மெதுவாக, பிள்ளையாருக்குத் தன் முகத்தைக் காட்டிக்கொண்டே போனது. அத்தனை வீட்டு ஜன்னலில் இருந்தும் நாங்கள் தோப்புக்கரணம் போட்டோம். ரயில்வே கேட்டில் பாலக்காட்டு வண்டிக்காகக் கேட்டைச் சாத்தியிருந்தார்கள். “வண்டி போகட்டுமுங்க, அப்புறம் அடிங்க” என்று கேட்கீப்பர் கையைக் காட்ட, ஐயா மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஆயுளில் முதல் தடவையாக ஒருவருக்காகக் காத்து நின்றார்.

ஒத்தக்கால்மண்டபம் தாண்டியதும் தோப்புக்காரர்கள் எங்களைத் தேடி வர ஆரம்பித்தார்கள். எருவுக்காக ஆட்டுக்காரர்களைக் கூப்பிட்டு வயலில் கிடை போடச் சொல்வார்களே, அதுபோல, எங்கள் அடுக்ககத்தைத் தங்கள் தோப்பில் ஓர் இரவு தங்கச் சொல்லி, வெற்றிலை பாக்கோடு சங்க அலுவலகத்தில் வந்து உட்கார்ந்தார்கள். எல்லாம் எங்கள் கழிவுநீர்த் தொட்டித் தண்ணீருக்காகத்தான். படித்தவர்கள் வசிக்கிற அடுக்ககத்துத் தண்ணீர் தென்னைக்கு விசேஷம் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். முதலில் எங்கள் தோப்பு, இல்லை முதலில் எங்கள் தோப்பு என்று பங்காளிகள் இரண்டு பேர் எங்கள் கேட்டிலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். காலையில் எழுந்தால் எங்கள் பால்கனியை உரசிக்கொண்டு இளநீர்க் குலை தொங்கும். அதைப் பறிக்கலாமா கூடாதா என்று சங்கத்தில் ஒரு துணைக்குழு போட்டோம்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்ட எங்களால் ஒன்றை மட்டும் பொறுக்க முடியவில்லை. அது சிறுவாணித் தண்ணீர். குழாய் சுந்தராபுரத்திலேயே நின்றுவிட்டது. கோயமுத்தூர்க்காரனிடம் எதை வேண்டுமானாலும் பிடுங்கலாம், சிறுவாணித் தண்ணீரைப் பிடுங்கக்கூடாது. அதைக் குடித்து வளர்ந்தவனுக்கு மற்றதெல்லாம் கழுவுவதற்கு மட்டும் உதவும் தண்ணீர். நான் தினமும் கேன்களைக் காரில் போட்டுக்கொண்டு பழைய இடத்துக்குப் போய்ப் பிடித்துவந்தேன், தினமும் தூரம் கூடிக்கொண்டே போனது, தினமும் எனக்குக் கோபமும் கூடிக்கொண்டே போனது. ஆகவே நான் கன்ட்ரோல் கட்சி. இதை மறைக்க மாட்டேன். தலைவர் பவர் மட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கன்ட்ரோல் மட்டையால்தான் ஆட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தவனும் நான்தான்.

கூட்டம் கிணத்துக்கடவு முருகன் மலை கண்ணுக்குத் தெரிகிற ஒரு தோப்பில் நடந்தது. சட்டத்தில் இடமிருக்கிறதா என்று கேட்டோம். ரோஸ்லின் மேடம் சங்க விதிகளைப் புரட்டிப் பார்த்து, “பால்கனில பாய் காயப்போடக்கூடாதுன்னு இருக்கு, லிஃப்ட்ல மாட்டைக் கூட்டிட்டுப் போகக்கூடாதுன்னு இருக்கு, அடுக்ககம் ஊரைவிட்டுப் போகக்கூடாதுன்னு எங்கயும் இல்லீங்க” என்றார். சரி, ஓட்டெடுப்பு. பொள்ளாச்சிப் பக்கம் காற்று நன்றாயிருக்கும் என்ற மூட்டுவலிக்காரர்களும், மாமியார் வீடு தூரமாகப் போவதில் சந்தோஷப்பட்ட மருமகள்களும் பவர் பக்கம். தண்ணீர்க்காரர்களும், ஆபீஸ்காரர்களும் கன்ட்ரோல் பக்கம். எண்ணிப் பார்த்தால் சரிசமம். கை தூக்காமல் உட்கார்ந்திருந்தவர் சுலோச்சனாம்மா ஒருவர்தான். எங்களுக்கு வெற்றி என்று நான் தண்ணீர் கேனைத் தட்டிக்கொண்டேன், ஏனென்றால் அடுக்ககத்தில் உள்ள ஒரே அசல் கன்ட்ரோல் ஆட்டக்காரர் அவர். இந்த மட்டையை மாற்றுங்கள், தோள் கழன்றுவிடும் என்று புருசனிடம் தினமும் மன்றாடுகிறவரும் அவர்தான். அவர் எழுந்து நின்று, “பவரே இருக்கட்டுமுங்க” என்று சொல்லி, கையைத் தூக்கினார். ஐயாவே அவரைத் திரும்பிப் பார்த்தார்.

லிஃப்டில் நானும் அந்த அம்மாளும் மட்டும் ஏறினோம். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “என்னுங்க்கா இப்படிப் பண்ணிட்டீங்” என்றேன்.

“தெக்க தானுங் தம்பி போகுது.”

“தெக்க போனா?”

“அவரு அவ வாசப்படிய மிதிக்க மாட்டாரு. அவ இவரு வாசப்படிய மிதிக்க மாட்டா. வாசப்படி ரெண்டுந்தான் போய் ஒண்ணையொண்ணு பாக்கோணும். அவ ஊடு நகராது. எங்கூடு நகருது. இதை நிறுத்தச் சொன்னா எப்படிங் தம்பி?”

நாலாவது மாடியில் லிஃப்ட் மக்கர் பண்ணி நின்றது. அது சரியாகிக் கதவு திறப்பதற்குள் நான் கட்சி மாறிவிட்டேன். சாயங்காலத்துக்குள் விஷயம் எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிட்டது; அதற்கப்புறம் தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லை. மறுநாள் காலையில் ஐயா இறங்கி வரும்போது பால்கனியெல்லாம் ஆட்கள். மூட்டுவலிக்காரர் ஒருவர் தைலம் கொண்டுவந்து அவர் தோளில் தேய்த்துவிட்டார். “என்னுங் எல்லாரும் வேலை வெட்டி இல்லாம” என்று ஐயா முறைத்தார், முறைத்துவிட்டு அடித்தார். அவர் பேருக்கு அடித்த நாள் ஒன்றுகூட இல்லை. மழை தூறிய நாளிலும் அடித்தார், காய்ச்சலோடும் அடித்தார், தூரப் பலகையில் பொள்ளாச்சி ஒற்றை இலக்கத்துக்கு வந்ததைப் பார்க்காத மாதிரி பார்த்துவிட்டு அன்றைக்கு இரண்டு பந்து உடையும்வரை அடித்தார். எங்கே போகிறோம் என்று அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. எனக்கு அந்த மனுசன்மேல் இருந்த கோபமெல்லாம் போயிற்று.

வாசலுக்கு மிக அருகில் போன பிறகுதான், நிறுத்துவது எப்படி என்று இத்தனை பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை என்பது தெரிந்தது. விடிந்து பார்த்தால் எங்கள் மதிலுக்கும் மேகலாவின் வீட்டுக்கும் நடுவே அரை பஸ் நீளம்தான் இருந்தது. ஓர் அடிக்கு ஒரு பஸ். வீடு ஒதுங்கிக்கொள்ளும் என்று பார்த்தால், சுற்றியிருந்த தென்னைமரங்கள் எல்லாம் மரியாதையாக விலகி நின்றனவே தவிர, அந்த வீடு மட்டும் அசையவில்லை. மேகலா கட்டிய வீடு, அவளைப் போலவே நின்றது. அடைத்த ஜன்னலை மறுபடி உடைத்துத் திறந்து, முன்னைவிடப் பெரிதாக வைத்திருந்தாள். அந்த ஜன்னலில் அவளும், இடுப்பில் குழந்தையும் தெரிந்தார்கள். அவள் கையை ஆட்டவுமில்லை, உள்ளே போகவுமில்லை.

ஐயா அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில், பந்தைப் போட்டுக் கையை ஓங்கினார்.

“ஏனுங்க,” என்றார் சுலோச்சனாம்மா எதிர்ப்பக்கத்திலிருந்து. “சன்னலை அடைச்ச மாதிரி ஊட்டையே அடைக்கப் போறீங்களா?”

ஓங்கின கை அப்படியே நின்றது. அந்த அம்மாள் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு வராமல் வலையைத் தூக்கிக் குனிந்து வந்து, தன் கன்ட்ரோல் மட்டையை அவர் கையில் வைத்து, பவர் மட்டையை வாங்கிக்கொண்டார். பட்டறையில் சம்மட்டி பிடித்த கை. அது அந்தத் தடி மட்டையைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தது. அவர் தட்டினார். பந்து வலையில் விழுந்தது, அடுக்ககம் அசையவில்லை. மறுபடி தட்டினார், மறுபடி வலை. எங்களை எத்தனையோ முறை ஓடவிட்டு, குனியவிட்டு, கேலி பேசிய மனுசர், ஒவ்வொரு பந்தாகத் தானே குனிந்து பொறுக்கினார். பால்கனிகளில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. “கையை வீசாதீங்க, பந்தைக் கொண்டுபோய் அந்தப் பக்கம் வெச்சுட்டு வாங்க” என்றார் அம்மா. “வெக்கறேன், வெக்கறேன்” என்றார் ஐயா, நாங்கள் கேட்டிராத ஒரு குரலில்.

கடைசியில் ஒரு பந்து வலையைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்தது. அடுக்ககம் ஒரு விரற்கடை முன்னால் போனது. இன்னொன்று தாண்டியது, இன்னொரு விரற்கடை. அதற்கப்புறம் வெயில் ஏறும்வரை அந்த மனுசர் தட்டிக்கொண்டே இருந்தார். நாங்கள் அனைவரும், கட்டடமும் மரமும் காரும் தண்ணீர்த் தொட்டியும், ஒரு சொட்டுத் தண்ணீர் தளும்பாமல், ஒரு துணி கொடியில் அசையாமல், தூங்குகிற குழந்தையைப் பாயில் கிடத்துகிற மாதிரி நகர்ந்து நகர்ந்து போய், எங்கள் கேட்டும் மேகலா வீட்டுக் கேட்டும் ஒன்றையொன்று தொட்டதும் நின்றோம். இதையெல்லாம் அவள் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். தன் அப்பா எதையாவது மெதுவாகத் தட்டி அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

அவள் இறங்கி வந்தாள். குளிக்காத தலை, நைட்டிக்கு மேலே துண்டு, இடுப்பில் குழந்தை. கேட்டண்டை வந்ததும் நின்றுவிட்டாள். “அம்மா, நான் உள்ள வரமாட்டேனுங்” என்றாள். எல்லாரும் ரோஸ்லின் மேடத்தைப் பார்த்தோம். அவர் பால்கனியிலிருந்தே தீர்ப்பு சொன்னார்: “விளையாட்டு மைதானம் பொது இடமுங்க. வாசப்படிங்கறது மேல அவங்க வீட்டுக் கதவுகிட்ட இருக்கறது மட்டும்தான். தாராளமா வரலாம்.”

மேகலா உள்ளே வந்தாள். சுலோச்சனாம்மா பேத்தியை வாங்கிக்கொண்டு, காலியான கையில் பவர் மட்டையைக் கொடுத்தார். அப்பாவும் மகளும் வலைக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். ஐயா பேத்தியைப் பார்த்தார். குழந்தை அவரைப் பார்த்து, மூக்கைச் சுருக்கியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“போடுங்கப்பா” என்றாள் மேகலா.

அவர் போட்டார். கை நடுங்கிவிட்டது. தட்டுகிறவன் கை நடுங்கினால் பந்து தாழ்வாகப் போகாது, மேலே எழும்பும். எதிராளியின் மார்புக்கு நேராக, அடி என்னை அடி என்று கேட்டுக்கொண்டு வரும். அப்படி வருகிற பந்தை விட்டுவைக்க இந்த விளையாட்டில் யாருக்கும் மனசு வராது. இது அப்படித்தான் வந்தது. மேகலா, சொன்னதும் சொல்லாததுமாக இத்தனை நாள் மென்று விழுங்கிய அத்தனையையும் தோளுக்குக் கொண்டுவந்து, அடித்தாள்.

கைவாகு அவளுக்கும் இருந்தது. அப்பனுக்கு ஒரு பஸ் நீளம் என்றால் மகளுக்கு ஒரே அடியில் கோயமுத்தூர். அவள் வடக்குப் பார்த்து அடித்ததால் மருதம் ஹைட்ஸ் வடக்குப் பார்த்துக் கிளம்பியது. முருகன் மலை ஒரு பக்கம் போயிற்று, பங்காளிகளின் தோப்புகள் போயின, ரயில்வே கேட் நல்லவேளை திறந்திருந்தது, ஈச்சனாரியில் தோப்புக்கரணம் போட முடியாமல் கன்னத்தில் மட்டும் போட்டுக்கொண்டோம். சுந்தராபுரத்தில் எங்கள் பழைய இடத்தில் யாரோ மிளகாய் காயப்போட்டிருந்தார்கள். அதன்மேல் போய் உட்கார்ந்ததும் அடுக்ககம் முழுக்கத் தும்மியது. அந்தத் தும்மலுக்கு நடுவே, எல்லா வீட்டுக் குழாயிலும் சிறுவாணித் தண்ணீர் கொட்ட ஆரம்பித்த சத்தம் கேட்டது. பொள்ளாச்சியில் மேகலாவின் கணவர் தீபன் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது வெறும் தரை இருந்ததாம். போன் பண்ணி, “அடுப்புல பருப்பு வெச்சிருக்கயே, எத்தனை விசிலுக்கு நிறுத்தறது” என்று மட்டும் கேட்டுவிட்டு, பிறகு பஸ் ஏறினார்.

ஐயா தரையில் உட்கார்ந்திருந்தார். மேகலா மட்டையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். பந்து கோட்டுக்கு வெளியே, நன்றாகவே வெளியே, புங்கமரத்தடியில் விழுந்து கிடந்தது. பால்கனியில் இருந்த அத்தனை பேரும் பார்த்தோம். ஒரு மயிரிழைக்கு எங்களோடு மணிக்கணக்கில் சண்டை போடுகிற மனுசர் எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, கோட்டைப் பார்த்து, பந்தைப் பார்த்து, மகளைப் பார்த்தார்.

“கோட்டு மேலதான் பட்டுது,” என்றார். “பாயிண்ட் அம்முணிக்கு.”

“இல்லீங்கப்பா, வெளிய.”

“கோட்டு மேலேங்கறேன். நான் இங்க நின்னு பாத்தேன்.”

“நான் அடிச்சவளுங்கப்பா, எனக்குத் தெரியாதுங்களா. நல்லா வெளிய போச்சு. பாயிண்ட் உங்களுது.”

“என்ர கண்ணைவிட உன்ர கண்ணு பெருசா?”

“எப்பவும் இதே பேச்சுத்தானுங்க உங்களுக்கு. நீங்க சொன்னா அதுதான் சரி, நாங்க சொன்னா...”

“அப்ப நீ மட்டும் என்னவாமா, பொறந்ததுல இருந்து ஒரு நாளாவது நான் சொன்னதைச் சரின்னிருக்கயா?”

குரல் ஏறியது. கிரகப்பிரவேசத்தன்று ஏறியதைவிட ஏறியது. பாயிண்ட்டை அவளுக்குத்தான் கொடுப்பேன் என்று அவரும், அவருக்குத்தான் என்று அவளும், மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். சுலோச்சனாம்மா பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு லிஃப்டைப் பார்த்து நடந்தார். லிஃப்ட் மக்கர். “தோசை ஊத்தறேன், பேசிட்டே வாங்க” என்று சொல்லிவிட்டுப் படியேறினார். அவர் பின்னால் ஐயா, ஐயா பின்னால் மேகலா. முதல் மாடியில் பழைய ஜன்னல் சண்டை வந்தது, இரண்டாம் மாடியில் கல்யாணத்தில் யாருக்கோ சேலை எடுக்காத சண்டை வந்தது, மூன்றாம் மாடியில் மறுபடி கோடு வந்தது. நாங்கள் எல்லோரும், ஏதோ வேலை இருப்பதுபோல, ஒரு படி விட்டு ஒரு படி பின்னாலேயே ஏறினோம். நாலாவது மாடியில் கதவு திறந்திருந்தது. ஐயா கையை ஆட்டிப் பேசிக்கொண்டே உள்ளே போனார். மேகலா, “அதுக்கில்லீங்கப்பா, நான் சொல்றதைக் கேளுங்க மொதல்ல” என்று சொல்லிக்கொண்டே, இடது காலை வாசப்படிமேல் வைத்து, வலது காலை உள்ளே வைத்துப் போனாள்.

அவள் அதைக் கவனிக்கவில்லை. படியில் நின்ற நாங்களும் ஒருவர் வாயை ஒருவர் பொத்திக்கொண்டு, சத்தமில்லாமல் இறங்கிவிட்டோம்.